தென்காசி டீச்சர் வீட்டுக் கறுப்புத் தக்காளி

குற்றாலத்தில் சீசன் களைகட்டியிருந்த ஜூலை முதல் வாரம். நெதர்லாந்தில் வேலை பார்க்கும் மகள் இரண்டு வருடம் கழித்து தென்காசிக்கு வந்திருந்தாள். புனலூர், ஆரியங்காவு, செங்கோட்டை என்று காரில் வந்த வழியெல்லாம் சாரல். வீட்டுக்குள் நுழைந்து தலையைத் துவட்டியதும் சூட்கேஸைத் திறந்தாள். சாக்லேட், சீஸ், அப்பாவுக்கு ஒரு ஸ்வெட்டர். தென்காசியில் ஸ்வெட்டரை எந்த மாதத்தில் போடுவது என்று யாரும் கேட்கவில்லை. எல்லாவற்றுக்கும் அடியில் ஐந்து விதைப் பாக்கெட்டுகள்.

“அம்மா, இது உனக்கு.”

அந்தத் தெருவில் ‘டீச்சர்’ என்றால் ஒருவர்தான். அரசுப் பள்ளியில் முப்பது வருடத்துக்கு மேல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு அவருடைய வகுப்பறை மொட்டை மாடிக்கு இடம் மாறிவிட்டது. அறுபது குரோ பேக், நான்கு பழைய வாஷ்பேசின், ஒரு உடைந்த தண்ணீர்த் தொட்டி. அதில் வெண்டை, கத்தரி, புடலை, அவரை, கொத்தவரை. வீட்டுக்குக் காய் வாங்குவதே குறைந்துவிட்டது. தெருவில் பாதிப் பேர் வீட்டில் புடலங்காய்க் கூட்டு என்றால், அது டீச்சர் வீட்டுப் புடலைதான்.

ஐந்து பாக்கெட்டையும் வரிசையாக மேசையில் வைத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார் டீச்சர். கறுப்புத் தக்காளி. வெள்ளைக் கத்தரி. ஊதா கேரட். லெட்யூஸ். வெள்ளரிக்காய் மாதிரி இருக்கும் சுக்கினி. பாக்கெட்டில் இருந்த படத்தில் கறுப்புத் தக்காளி பளபளவென்று நாவல் பழம் போல இருந்தது. அன்று ராத்திரி டீச்சருக்குத் தூக்கம் வந்திருக்குமா என்பது சந்தேகம். ஆடிப் பட்டத்துக்குச் சரியாக வந்த விதை.

மறுநாளே தேங்காய்நார்க் கழிவை நனைத்து, புரோ டிரேயில் கறுப்புத் தக்காளியை ஊன்றினார். எண்ணி பதினைந்து விதை. ஆறாம் நாள் பதினான்கு முளைத்தன. வராத அந்த ஒன்றைத்தான் மூன்று நாள் கிளறிக் கிளறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது வாரம் அண்ணன் வந்தார். பாவூர்சத்திரம் பக்கம் அவருக்கு மூன்று ஏக்கர். கிணற்றுப் பாசனம். தக்காளியும் சின்ன வெங்காயமும்தான் போடுவார். விளைந்தால் விலை இருக்காது, விலை இருந்தால் விளைச்சல் இருக்காது. அப்படிப்பட்ட பயிரை ஏன்தான் விடாமல் போடுகிறார் என்று வீட்டில் எல்லோரும் கேட்டு ஓய்ந்துவிட்டார்கள். மாடிக்கு ஏறி வந்தவர் நாற்றைப் பார்த்தார். தண்டு நல்ல கனமாக, இலை கரும்பச்சையாக இருந்தது.

“ஏளா, இதுல எனக்கு ஒரு பத்து நாத்து குடு. வரப்போரமா வச்சுப் பாக்கேன். நம்ம சந்தையில கறுப்புத் தக்காளின்னா எவன் வாங்க மாட்டான்?”

டீச்சருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இரண்டு நாள் கழித்து நாற்றுக்கு மண் எல்லாம் உதறி, தினசரிப் பேப்பரில் சுற்றி அனுப்புவதாகப் பேச்சு. அந்த இரண்டு நாளில்தான் விஷயம் மாறியது.

வேப்பம் புண்ணாக்கு வாங்க உரக்கடைக்குப் போனார். கடையில் நிற்பது அவரிடம் எட்டாம் வகுப்பு படித்த பையன். இப்போது விவசாயம் படித்துவிட்டு அந்தக் கடையைப் பார்த்துக்கொள்கிறான். போனில் இருந்த நாற்றின் போட்டோவைப் பெருமையாகக் காட்டினார் டீச்சர். அவன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டான்.

“நல்லா இருக்கு டீச்சர். பெர்மிட் வாங்கித்தான் கொண்டுவந்தாங்களா?”

“எதுக்குப்பா பெர்மிட்? பதினஞ்சு விதைக்கா?”

“பதினஞ்சோ பதினஞ்சு மூட்டையோ, விதைன்னா வேணும் டீச்சர்” என்றான். அதட்டலாகச் சொல்லவில்லை. டீச்சரிடம் எப்படி அதட்டுவது? பில் போட்டுக்கொண்டே, தலையைக் குனிந்தபடி சொன்னான். ஆனால் பாட்டில் தண்ணீரைக் கூடப் பில் கேட்டு வாங்குகிறவர், பரீட்சை ஹாலில் பக்கத்துத் தாளை எட்டிப் பார்த்த பையனை வெளியே நிறுத்தியவர், அன்று வேப்பம் புண்ணாக்கை மறந்துவிட்டு வீட்டுக்கு வந்தார்.

ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு மகளின் லேப்டாப்பை வாங்கி உட்கார்ந்தார். தேடி எடுத்த ஆணை ஆங்கிலத்தில், அட்டவணை அட்டவணையாக நீண்டுகொண்டே போனது. முப்பது வருடம் பாடப்புத்தகம் பார்த்தவருக்கே இரண்டு ராத்திரி ஆனது. அவர் ஒரு பழைய டைரியில் தமிழில் எழுதி வைத்துக்கொண்டதன் சாரம் இதுதான்.

இந்தியாவுக்குள் விதை, செடி, கிழங்கு எது வந்தாலும் 2003-ம் ஆண்டின் தாவரக் குவாரன்டைன் ஆணையின்படிதான் வர வேண்டும். அதற்கு அடிப்படை, வெள்ளைக்காரர் காலத்தில் 1914-ல் போட்ட அழிவுப் பூச்சிகள் சட்டம். விதைப்பதற்காக வரும் விதை என்றால், அது வெளிநாட்டிலிருந்து கிளம்புவதற்கு முன்பே இங்கே அனுமதிச்சீட்டு வாங்கியிருக்க வேண்டும். அதைக் கொடுப்பது ஃபரீதாபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய அரசின் பயிர்ப் பாதுகாப்பு இயக்குநரகம். விண்ணப்பம் ஆன்லைனில். அடுத்து, விதை கிளம்பும் நாட்டின் வேளாண் அதிகாரிகள் பார்த்து, இதில் பூச்சியோ நோயோ இல்லை என்று ஒரு தாவர நலச் சான்றிதழ் தர வேண்டும். அதுவும் பொதுவாகச் சொன்னால் போதாது. இந்தப் பயிர், இந்த நாடு என்று அட்டவணை இருக்கிறது. அந்தப் பயிருக்கு அந்த நாட்டில் என்னென்ன நோய் உண்டோ, அது இதில் இல்லை என்று பெயர் சொல்லி எழுத வேண்டும். அட்டவணையிலேயே இல்லாத பயிர் என்றால், முதலில் அதனால் வரக்கூடிய ஆபத்தை ஆராய்ந்த பிறகுதான் பேச்சே. விதை வந்து இறங்குவதும் சென்னை, மும்பை, டெல்லி போன்ற குறிப்பிட்ட ஊர்களில் உள்ள குவாரன்டைன் நிலையங்கள் வழியாகத்தான். அங்கே மாதிரி எடுத்துச் சோதிப்பார்கள். தேறினால் கைக்கு வரும். தேறாவிட்டால் மருந்தடிப்பார்கள், திருப்பி அனுப்புவார்கள் அல்லது அழித்துவிடுவார்கள். சூட்கேஸ், தபால், கூரியர், எதில் வந்தாலும் இதே கதை. விமானத்தில் வருகிறவர்கள் நிரப்பும் சுங்க அறிவிப்பிலேயே விதை, செடி, பழம் கொண்டுவருகிறீர்களா என்று தனியாக ஒரு கேள்வி உண்டு.

“அந்தக் கேள்வி எனக்கு ஞாபகமே இல்லம்மா” என்றாள் மகள். தங்கம், சிகரெட், டாலர் என்று வரிசையாக ‘இல்லை’, ‘இல்லை’ என்று போட்டுக்கொண்டே வருகிற கை, விதைக்கும் அதையே போட்டிருக்கும். அவள் ஒளித்துக்கொண்டு வரவில்லை. அங்கே சூப்பர் மார்க்கெட்டில் பிஸ்கெட்டுக்குப் பக்கத்தில் தொங்கும் பாக்கெட், ஒரு குற்றமாக இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

அவளுக்குக் கோபமும் வந்தது. “கடையில விக்கிற ஹைபிரிட் விதை பாதி வெளிநாட்டுக் கம்பெனியோடதுதானே? அவங்க டன் கணக்குல கொண்டுவரலாம், நான் என் அம்மாவுக்கு அஞ்சு பாக்கெட் கொண்டுவரக் கூடாதா?”

இந்தக் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. 1988-ல் மத்திய அரசு புதிய விதைக் கொள்கை என்று ஒன்றைக் கொண்டுவந்த பிறகு காய்கறி விதை, பூ விதை இறக்குமதி எளிதானது. கம்பெனிகளிடம் ஆள் இருக்கிறது, ஏஜென்ட் இருக்கிறார், ஒரே சான்றிதழில் டன் கணக்கில் விதை வந்துவிடும். பதினைந்து விதைக்கு அதே சான்றிதழ், அதே அனுமதி, அதே சோதனை என்றால், விதையின் விலையைப் போலப் பல மடங்கு செலவாகும். அமெரிக்காவில் இதற்கு ஒரு சின்ன வாசல் வைத்திருக்கிறார்கள். ஒரு பாக்கெட்டில் 50 விதை அல்லது 10 கிராம், மொத்தம் 50 பாக்கெட்டுக்குள் என்றால், தாவர நலச் சான்றிதழ் இல்லாமல், ஒரு தனி அனுமதியை வைத்தே வரவழைக்கலாம். அந்தப் பாக்கெட்டுகளும் நேரே வீட்டுக்கு வராது, சோதனை நிலையத்துக்குப் போய்விட்டுத்தான் வரும். இங்கேயும் மாடித்தோட்டக்காரர்களுக்கு அப்படி ஒரு வாசல் வைத்தால் என்ன என்று கேட்கத்தான் தோன்றுகிறது. குறைந்தபட்சம், என்ன செய்ய வேண்டும் என்பதை நாலு வரித் தமிழில் எழுதி விமான நிலையத்தில் ஒட்டலாம்.

ஆனால் டீச்சரின் டைரியில் அடுத்த பக்கத்தில் இருந்தது வேறு விஷயம். அது சட்டத்தைப் பற்றியது அல்ல, தக்காளியைப் பற்றியது.

தக்காளியில் பழுப்புச் சுருக்க வைரஸ் என்று ஒன்று. 2014-ல் இஸ்ரேலில் தலைகாட்டி, 2015-ல் ஜோர்டானில் தக்காளியில் அடையாளம் காணப்பட்டது. சில வருடங்களுக்குள் ஐரோப்பா, அமெரிக்கா, சீனா என்று சுற்றிவிட்டது. மகள் இருக்கும் நெதர்லாந்தில் 2019-ல் கண்டுபிடித்தார்கள். சாப்பிடுகிற மனிதருக்கு ஒன்றும் செய்யாது. செடிக்குத்தான். இலை தேமலாகித் திரியும், பழத்தில் மஞ்சள் திட்டும் பழுப்புச் சுருக்கமும் விழும். விற்க முடியாது. இந்த வகை வைரஸுக்குத் தாங்குமென்று இத்தனை வருடம் நம்பியிருந்த தக்காளி ரகங்களையும் இது சாய்த்தது. தெளிக்க மருந்து கிடையாது. பிடுங்கி அழிப்பது ஒன்றுதான் வழி.

இது வந்து சேருவது எப்படி? விதையின் மேல்தோலில் ஒட்டிக்கொண்டு வரும். விதையைப் பார்த்தால் தெரியாது. முளைத்த நாற்றைப் பார்த்தாலும் உடனே தெரியாது. பிறகு பரவுவதற்கு அதற்குப் பூச்சிகூடத் தேவையில்லை. கையில், கத்தரிக்கோலில், புடவைத் தலைப்பில், பழக் கூடையில் ஒட்டிக்கொண்டு அடுத்த செடிக்குப் போகும்.

டீச்சர் அந்த வரியைப் படித்துவிட்டு லேப்டாப்பை மூடினார். காலையில் மாடியில் நாற்றைத் தொட்ட கையோடுதான் போன ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வயலுக்குப் போயிருந்தார். கிள்ளிவிடுகிறேன் என்று நான்கு வரிசையில் பக்கக் கிளை கிள்ளிவிட்டும் வந்திருந்தார்.

அந்த விதையில் வைரஸ் இருந்தது என்று சொல்வதற்கில்லை. பெரும்பாலும் இருந்திருக்காது. ஆனால் இருந்ததா இல்லையா என்று தெரிந்துகொள்ள ஒரே வழி, அவர்கள் வாங்காமல் விட்ட அந்தச் சான்றிதழும் சோதனையும்தான். மூன்று ஏக்கர் தக்காளியை நம்பி கூட்டுறவு சங்கத்தில் கடன் வாங்கியிருக்கும் அண்ணனுக்கு, ‘பெரும்பாலும்’ என்ற வார்த்தையை எப்படிக் கொடுப்பது?

தமிழ்நாட்டு விவசாயிகளுக்கு இது புதிய பயமும் இல்லை. 2008-ல் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி கண்ணில் பட்டது. மெக்ஸிகோ பக்கத்துப் பூச்சி. எப்படி வந்தது, யாருடைய பையில் வந்தது என்று யாருக்கும் தெரியாது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று வெள்ளை வெள்ளையாக அப்பிக்கொண்டு தோட்டம் தோட்டமாக அழித்தது. கடைசியில் 2010-ல் போர்ட்டோரிகோவிலிருந்து, முறைப்படி அனுமதி வாங்கி, சோதித்து, ஒரு குட்டிக் குளவியைக் கொண்டுவந்துதான் அதை அடக்கினார்கள். 2016-ல் பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளில் சுருள் வெள்ளை ஈ. தென்னை மட்டை கரி பூசியது போலக் கறுத்துப் போனதைத் தோப்பு வைத்திருக்கும் யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள். இவை இரண்டும் விதையில் வந்தவை அல்ல. ஆனால் அழைப்பில்லாமல் வந்த ஒரு விருந்தாளி எவ்வளவு தின்னும் என்பதற்கு வேறு கணக்கு தேவையில்லை.

நம் மொழியிலேயே இதற்கு ஒரு முத்திரை உண்டு. கடல் கடந்து வந்ததற்கெல்லாம் ‘சீமை’ என்று முன்னால் ஒட்டிவிடுவோம். சௌசௌவுக்குச் சீமைக் கத்தரிக்காய் என்று பெயர். கூட்டு வைத்துச் சாப்பிட்டுவிட்டுப் போய்விடலாம், யாருக்கும் தொல்லையில்லை. அதே சீமை என்ற அடைமொழியோடு 1870-களில் விறகுக்காக மதராஸ் மாகாணத்துக்குள் வந்ததுதான் சீமைக் கருவேலம். கண்மாய் கண்மாயாக வேரோடிப்போன அதைப் பிடுங்க இன்றைக்கு உயர் நீதிமன்ற உத்தரவும், ஜேசிபியும், அரசுக் கொள்கையும் தேவைப்படுகின்றன. விதையாக இருக்கும்போது எது சௌசௌ, எது கருவேலம் என்று சொல்ல யாராலும் முடிந்ததில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மனத்தாங்கலோடு வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டாம் என்று எல்லோரும் குற்றாலம் கிளம்பினார்கள். மெயின் அருவியில் கூட்டம் தள்ளியது. ஐந்தருவிக்குப் போய்க் குளித்துவிட்டு, ஈரத் தலையோடு பழக்கடை வரிசையில் நடந்தார்கள். ரம்புட்டான், மங்குஸ்தான், துரியன். சீசனுக்கு வருகிறவர்கள் ஊருக்கு வாங்கிப் போகும் பழங்கள். மங்குஸ்தானின் கருஞ்சிவப்புத் தோலை நசுக்கிப் பிளந்து, வெள்ளைச் சுளையை வாயில் போட்டபடி மகள் கேட்டாள்.

“இதெல்லாம் மட்டும் நம்ம ஊர்ப் பழமாம்மா? எல்லாம் மலேசியா, இந்தோனேசியாவிலிருந்து வந்ததுதானே. யார்கிட்ட பெர்மிட் வாங்கினாங்க?”

கேட்க வேண்டிய இடத்தில்தான் கேட்டாள். இந்தக் குற்றாலமே ஒரு காலத்தில் வெளிநாட்டுச் செடிகளுக்கான நாற்றங்கால். கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே ஒரு வாசனைப் பயிர்த் தோட்டம் வைத்திருந்தது. 1796-ல் டச்சுக்காரர்களின் கையிலிருந்த மொலுக்கஸ் தீவுகளை ஆங்கிலேயர் பிடித்தார்கள். அதுவரை கிராம்பும் ஜாதிக்காயும் அந்தத் தீவுகளைவிட்டு வெளியே போய்விடாமல் டச்சுக்காரர்கள் காவல் காத்துக்கொண்டிருந்தார்கள். சரக்கை விற்பார்கள், செடியை விடமாட்டார்கள். தீவுகள் கைமாறியதும் ஆங்கிலேயர் செய்த முதல் வேலைகளில் ஒன்று, அங்கிருந்த செடிகளைத் தங்களுக்குக் கீழ் இருந்த ஊர்களுக்கு அள்ளிக்கொண்டு போனது. சாரலும் மலைச்சரிவும் நிழலும் உள்ள குற்றாலமும் அந்த வரிசையில் வந்தது. 1800-ஐ ஒட்டி இந்தியாவில் கிராம்பு முதன்முதலாகப் பயிரானது இந்தக் குற்றாலத் தோட்டத்தில்தான். பிறகு இங்கிருந்துதான் நாஞ்சில் நாட்டு மலைகளுக்கும் தெற்குத் திருவிதாங்கூருக்கும் அது பரவியது. இன்றைக்குக் கன்னியாகுமரி மாவட்டத்துக் கிராம்புக்கு இருக்கிற பெயரின் தொடக்கம் இந்த அருவிக்கரை. கிராம்பு விதை சில நாள்களிலேயே முளைக்கும் திறனை இழந்துவிடும். பாக்கெட்டில் போட்டுச் சூட்கேஸில் கொண்டுவருகிற சமாச்சாரம் அல்ல. கப்பலில் நாற்றாக வைத்து, தண்ணீர் ஊற்றி, வெயில் மறைத்து, பாதி செத்து பாதி பிழைத்து வந்து சேர்ந்தவை அவை.

அப்போது குவாரன்டைன் கிடையாது. சட்டம் கிடையாது. வந்தவற்றில் கிராம்பு நன்மை செய்தது. அதே காலகட்டத்தில், அதே கப்பல் வழியில், அழகுக்காக இந்தியாவுக்குள் வந்த உண்ணிச்செடி மேற்குத் தொடர்ச்சி மலையின் சரிவுகளில் புதராக மண்டி, மான் மேய்கிற புல்லை முளைக்கவிடாமல் செய்துகொண்டிருக்கிறது. ஆரஞ்சும் மஞ்சளுமாகக் கொத்துக் கொத்தாகப் பூக்கும். சீசனுக்கு வருகிறவர்கள் அதன் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்துக்கொள்வார்கள், குறை சொல்ல முடியாது, அழகான பூதான்.

“அப்ப யாருக்கும் தெரியாதுட்டி” என்றார் டீச்சர். “இப்ப நமக்குத் தெரிஞ்சு போச்சே.”

மகள் பதில் சொல்லவில்லை. இன்னொரு மங்குஸ்தானை எடுத்துத் தோலை நசுக்கினாள்.

அன்று சாயங்காலம் டீச்சர் மாடிக்கு ஏறினார். பதினான்கு நாற்றையும் டிரேயோடு, தேங்காய்நார்க் கழிவோடு எடுத்து ஒரு பழைய அரிசிச் சாக்கில் போட்டார். குப்பைத் தொட்டியில் போட்டால் குப்பைக் கிடங்கில் முளைக்கும், உரக்குழியில் போட்டால் உரத்தோடு திரும்ப வரும், சிற்றாற்றில் விட்டால் அது போய்ச் சேரும் இடமே பாசன வயல். அதனால் பின்கட்டில் விறகடுப்பை மூட்டி எரித்தார். ஈர நாற்று சட்டென்று எரியவில்லை, புகைந்தது. கை கழுவி, கத்தரிக்கோலையும் கொத்தையும் சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவினார். பிரிக்காத நான்கு பாக்கெட்டை மட்டும் ஒரு கவருக்குள் போட்டு ஒட்டி, தனியாக வைத்தார். தூத்துக்குடியில் தாவரக் குவாரன்டைன் நிலையம் இருக்கிறது. அங்கே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவதாக ஏற்பாடு. வீட்டுக்காரர், “இதுக்கு ஒரு நாள் பஸ் செலவா?” என்று முனகினார். முனகிக்கொண்டே போக வர பஸ் நேரம் விசாரித்து வைத்தவரும் அவர்தான்.

அண்ணனுக்கு போன் போட்டுச் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. “எல்லாத்தையும் எரிச்சிட்டியா?” என்றார். பிறகு, “அன்னைக்கு நீ கிள்ளுன வரிசை எது எதுன்னு ஞாபகம் இருக்கா?” என்று கேட்டார். அடுத்த பதினைந்து நாளும் காலையும் மாலையும் அந்த நான்கு வரிசையை இலை இலையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் வரவில்லை. ஆனால் அந்தப் பதினைந்து நாள் டீச்சர் அவர் போனை எடுக்கும்போதெல்லாம் கை நடுங்கியது.

இந்த விஷயம் தெருவில் பரவியதும் ஆளுக்கொரு கதையோடு வந்தார்கள். எதிர்வீட்டுப் பெண் ஆன்லைனில் நீல ஸ்ட்ராபெர்ரி விதை வாங்கியிருந்தாள். முளைத்தது என்னவோ கீரை மாதிரி இருந்தது. நீல ஸ்ட்ராபெர்ரி என்று ஒரு பழமே உலகத்தில் கிடையாது, அந்தப் படம் கம்ப்யூட்டரில் நிறம் மாற்றியது. விற்பவர் இங்கே இருக்கிறாரா, வெளிநாட்டிலா என்று பார்க்காமல் பட்டனைத் தட்டுகிறவர்கள்தான் அதிகம். வெளிநாட்டிலிருந்து நேராக வருகிறது என்றால் சட்டம் அதற்கும் ஒன்றுதான். 2020-ல் கொரோனா நேரத்தில் அமெரிக்கா, கனடா, இங்கிலாந்து என்று பல நாடுகளில், யாரும் ஆர்டர் செய்யாமலே விதைப் பொட்டலங்கள் வீட்டு வாசலுக்கு வந்தன. மேலே நகை என்று எழுதியிருக்கும், உள்ளே விதை இருக்கும். பெரும்பாலும் சீனாவிலிருந்து வந்தது போல முத்திரை. அமெரிக்க அதிகாரிகள் சோதித்ததில் கடுகு, கோஸ், புதினா, செம்பருத்தி என்று சாதாரண விதைகளாகவே பலவும் இருந்தன. ஆன்லைன் கடைகளில் பொய் விற்பனைக் கணக்குக் காட்டுவதற்காக யாரோ அனுப்பியது என்று கருதினார்கள். ஆனாலும் விதைக்காதீர்கள், குப்பையில் போடாதீர்கள் என்றுதான் சொன்னார்கள். அந்த ஆகஸ்டில் இந்திய வேளாண் அமைச்சகமும் மாநிலங்களை எச்சரித்தது.

உரக்கடைப் பையன்தான் கடைசியில் ஒரு நல்ல சேதி கொண்டுவந்தான். மற்ற பாக்கெட்டுகளின் பெயரையும் டீச்சர் அவனிடம் சொல்லியிருந்தார். “அந்த வெள்ளைக் கத்தரி படத்தை மட்டும் காட்டுங்க டீச்சர்” என்றான். பார்த்துவிட்டுச் சிரித்துவிட்டான். முட்டை மாதிரி, பால் வெள்ளையில், கொத்துக்கு இரண்டு மூன்றாகக் காய்ப்பது. அப்படியே கே.கே.எம். 1. வல்லநாடு பக்கம் கிள்ளிகுளத்தில் இருக்கும் வேளாண்மைக் கல்லூரியில், குளத்தூர் நாட்டுக் கத்தரியிலிருந்து தேர்ந்தெடுத்து வெளியிட்ட ரகம். அந்த ‘கே.கே.எம்.’ என்பதே கிள்ளிகுளம்தான்.

“இதைத்தான் ஐரோப்பாவுலேர்ந்து கொண்டுவந்தாங்களா?”

அண்ணனிடம் சொன்னதற்கு அவர் ஆச்சரியப்படவே இல்லை. “நம்ம ஆச்சி வீட்டுக் கொல்லையில நின்னுச்சே, முட்டக் கத்தரி. மறந்துட்டியா? புளிக்குழம்பு வச்சா எலும்பே இல்லாத கறி மாதிரி இருக்கும்” என்றார். டீச்சருக்கு அந்தச் செடி ஞாபகம் வரவில்லை. குழம்பு ஞாபகம் வந்தது.

விதை வாங்கும்போது டீச்சர் இப்போது பாக்கெட்டைத் திருப்பிப் பின்பக்கம்தான் முதலில் பார்க்கிறார். ரகத்தின் பெயர், முளைப்புத் திறன், சோதித்த தேதி, காலாவதித் தேதி. விதைச் சட்டம் 1966-ல் வந்தது. விற்பவருக்கு லைசென்ஸ் வேண்டும் என்பது 1983 ஆணை. வெளிநாட்டு ரகமே ஆனாலும் லைசென்ஸ் உள்ள கடையில் இந்திய லேபிளோடு இருந்தால், அது சோதனை வாசலைத் தாண்டி வந்த விதை. பில் கேட்டால் சில கடைக்காரர்கள் முகம் சுளிக்கிறார்கள். டீச்சர் நகர்வதில்லை.

ஆகஸ்டில் மகள் கிளம்பும் நாள் வந்தது. தென்காசி வீடுகளில் பெட்டி கட்டுவது ஒரு சடங்கு. வத்தக்குழம்புப் பொடி, இட்லிப் பொடி, அப்பளம், ஒரு டப்பா முறுக்கு. சூட்கேஸை எடை போடத் தூக்கியபோது, பக்கத்து ஜிப்பில் ஏதோ சலசலத்தது. டீச்சர் திறந்து பார்த்தார். மருந்துக் கவரில் கட்டிய பாகல் விதையும் அவரை விதையும், மாடியில் காய்த்து முற்றிய காயிலிருந்து எடுத்தது. அவளுடைய ஃப்ளாட் பால்கனிக்கு.

2019 டிசம்பர் 14-லிருந்து ஐரோப்பிய யூனியனுக்குள் வெளியிலிருந்து விதை கொண்டுபோக வேண்டுமென்றால் தாவர நலச் சான்றிதழ் வேண்டும், பயணியின் பையில் இருந்தாலும். இதுவும் அந்த டைரியில் இருந்தது.

“அம்மா, பத்தே பத்து விதைம்மா.”

டீச்சர் கவரை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். ஜிப்பை மூடினார். காலியான இடத்தில் இன்னும் ஒரு பாக்கெட் அப்பளம் கொள்ளுமா என்று பார்க்கச் சமையலறைக்குப் போனார்.